முதல் பத்தில் இருந்தவர் ஏன் முதல் சுற்றிலேயே தோற்கிறார்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் இருந்த ஒருவர், வரிசையாக ஆறு போட்டிகளில் முதல் சுற்றிலோ இரண்டாம் சுற்றிலோ வெளியேறிவிட்டார். காயம் என்று செய்தி இல்லை. பயிற்சியாளரும் மாறவில்லை. பயிற்சி வீடியோக்களில் பந்தை வெளுத்து வாங்குகிறார். "அப்படியென்றால் ஒருவருக்கு ஆட்டமே மறந்துபோகுமா, இல்லை எல்லாம் மனசுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அடியில் இருக்கும் கேள்வி, அவ்வளவு திறமையும் ஆறே மாதத்தில் எங்கே போனது என்பதுதான். பெரும்பாலும் எங்கும் போயிருக்காது. போனது கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தைப் பூதாகரமாகக் காட்டுகிற ஆட்டம் டென்னிஸ். நான் பல வருடங்களாகத் தொழில்முறை டென்னிஸின் இரண்டாம் கட்டத்தில், அதாவது சேலஞ்சர் போட்டிகளில் ஆடுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். முதல் பத்து ஆட்களின் உடைமாற்றும் அறைக்குள் இருந்தவன் இல்லை. ஆனால் தோற்றுக்கொண்டே இருக்கும் ஒருவரோடு வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போவது எப்படியிருக்கும் என்று நன்றாகவே தெரியும்.

முதலில், சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். ரோஜர் ஃபெடரர் 2024-ல் டார்ட்மவுத் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவில் பேசியபோது தன் கணக்கைத் தானே சொன்னார். மொத்தம் 1,526 ஒற்றையர் ஆட்டங்கள், அதில் கிட்டத்தட்ட 80 சதவீதம் வெற்றி. ஆனால் ஆடிய பாயிண்ட்களில் அவர் ஜெயித்தது 54 சதவீதம்தான். டென்னிஸின் மொத்த சூட்சுமமும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது. பாயிண்ட் சேர்ந்து கேம், கேம் சேர்ந்து செட், செட் சேர்ந்து மேட்ச் என்று படிப்படியாகப் போவதால், அடியில் இருக்கும் சின்ன வித்தியாசம் மேலே போகப் போகப் பெருகுகிறது. ஒவ்வொரு பாயிண்ட்டையும் ஜெயிக்க 54 சதவீத வாய்ப்பு உள்ளவர் மூன்று செட் ஆட்டத்தை ஜெயிப்பதற்கு ஏறக்குறைய 86 சதவீத வாய்ப்பு என்று கணக்கு வருகிறது. அதே ஆள் 52-க்கு இறங்கினால் மேட்ச் ஜெயிக்கும் வாய்ப்பு 70-க்கு வந்துவிடும். 51 என்றால் 60. சர்வ் (பந்தைப் போட்டுத் தொடங்குவது), ரிட்டர்ன் (அதைத் திருப்பி அடிப்பது) இரண்டையும் சராசரியாக்கி, ஒவ்வொரு பாயிண்ட்டும் தனித்தனி என்று வைத்துப் போட்ட கணக்கு இது. நிஜ ஆட்டம் அவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனாலும் போக்கு இதுதான்.

இன்னும் ஒரு படி மேலே போவோம். கோப்பை வாங்க ஐந்து ஆட்டங்களைத் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 86 சதவீதக்காரர் நூறு போட்டி ஆடினால் நாற்பத்தேழு கோப்பை எடுப்பார். 70 சதவீதக்காரருக்குப் பதினேழு. 60 சதவீதக்காரருக்கு எட்டு. ஒரு மேட்சில் சுமார் 150 பாயிண்ட் இருக்கும், அதில் இரண்டு சதவீதம் என்றால் மூன்றே மூன்று பாயிண்ட். ஆக, மேட்சுக்கு மூன்று பாயிண்ட் கை நழுவினால் போதும், வருடத்துக்கு ஆறு கோப்பை எடுத்தவர் இரண்டு எடுப்பார், பத்திரிகைகள் "வீழ்ச்சி" என்று எழுதும். நீங்கள் பார்த்த பயிற்சி வீடியோவில் இந்த மூன்று பாயிண்ட் தெரியவே தெரியாது. பக்கத்துக் கோர்ட்டில் நின்று பார்க்கும் எனக்கே பல நாள் தெரியாது.

அந்த மூன்று பாயிண்ட் எங்கே போகிறது என்பதில்தான் எனக்கு ஆர்வம். நான் பார்த்துக்கொண்ட ஒரு பையன், தரவரிசையில் வேகமாக ஏறிக்கொண்டிருந்தவன், ஒரு சீசனில் வரிசையாகத் தோற்க ஆரம்பித்தான். தப்பு அதிகமாகச் செய்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பெவிலியனில் உட்கார்ந்து நோட்டில் குறித்துப் பார்த்தேன். அவனுடைய தேவையற்ற தவறுகள் முன்பைவிடக் குறைந்திருந்தன. மாறியிருந்தது வேறு. நன்றாக ஆடிய மாதங்களில் அவனுடைய ஃபோர்ஹேண்ட் பேஸ்லைனை, அதாவது கோர்ட்டின் பின் எல்லைக் கோட்டை ஒட்டி, ஓரடி இரண்டடி உள்ளே விழும். இப்போது அது எதிராளியின் பாதியில் நடுவே ஓடும் சர்வீஸ் கோட்டுக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம் விழுந்துகொண்டிருந்தது. வெளியே போய்விடக் கூடாது என்று கை தானாகவே இழுத்துப் பிடிக்கிறது. பந்து கோர்ட்டுக்குள்தான் விழுகிறது, ஆனால் எதிராளி ஒரு அடி முன்னால் வந்து அடிக்கிறார். அவர் முன்னால் வருவதால் இவனுக்கு நேரம் குறைகிறது. நேரம் குறைவதால் அடுத்த பந்து இன்னும் குட்டையாக விழுகிறது. ஸ்கோர் அட்டையில் அது "எதிராளியின் வின்னர்" என்று, அதாவது இவனால் தொட முடியாத அடி என்று பதிவாகும். டிவியில் பார்ப்பவருக்கு, எதிராளி அன்று பிரமாதமாக ஆடினார் என்று தோன்றும். தொடர்ந்து பத்துப் பேர் இவனுக்கு எதிராக மட்டும் பிரமாதமாக ஆடினார்கள் என்றால் கோளாறு எங்கே என்று யோசிக்க வேண்டும் இல்லையா?

இன்னொரு இடம் இரண்டாவது சர்வ், அதாவது முதல் சர்வ் தவறினால் கிடைக்கும் கடைசி வாய்ப்பு. கேமில் 30-30 என்று சமநிலை, அல்லது பிரேக் பாயிண்ட், அதாவது எதிராளி இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் சர்வ் போடுகிறவர் அந்த கேமை இழக்கும் கட்டம். முதல் சர்வ் வலையில். இப்போது சர்வ் போடுகிறவர் பந்தைத் தரையில் தட்டும் எண்ணிக்கையைப் பாருங்கள். வழக்கமாக ஐந்து தடவை தட்டுகிறவர் ஒன்பது, பத்து என்று போவார். டாஸ், அதாவது பந்தை மேலே தூக்கிப் போட்டுவிட்டு அடிக்காமல் கையில் பிடித்துக்கொள்வார். திரும்பப் போடும் டாஸ் கொஞ்சம் தலைக்குப் பின்னால் போகும். அதைத் துரத்தி அடிக்கும்போது முழங்கை தாழும், வேகம் குறையும், பந்து சர்வீஸ் பெட்டியின் நடுவில் விழும். இரண்டு சர்வும் தவறி டபுள் ஃபால்ட்டாக இருந்தால் கண்ணில் படும். டபுள் ஃபால்ட் ஆகாமல் மெதுவாகப் போய் விழும் இரண்டாவது சர்வ்தான் அதிக சேதம் செய்கிறது, யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இதற்கு நடுவில் பலருக்குப் பிடிக்காத ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும்: சில சரிவுகள் சரிவே இல்லை. 70 சதவீத ஆட்டங்களை ஜெயிக்கக்கூடிய ஒருவர், எந்தக் குறையும் இல்லாமல் வருடத்துக்கு 60 ஆட்டம் ஆடினால், அதில் எங்காவது தொடர்ந்து நான்கு தோல்வி வருவதற்கு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அப்படி 20 பேர் இருந்தால், வெறும் யதேச்சையாகவே வருடத்துக்கு நாலைந்து பேர் இதில் மாட்டுவார்கள். மற்ற பல விளையாட்டுகளில் நான்கு தோல்வியை அடுத்தடுத்த வெற்றிகள் மறைத்துவிடும். இங்கே ஒரு தோல்வி என்றால் அந்த வாரம் முடிந்தது, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். நான்கு தோல்வி என்றால் ஒரு மாதம் முழுக்க ஒரு வெற்றி கூட இல்லை. அந்த ஒரு மாதத்தில் மற்றவர்கள் பத்துப் பதினைந்து மேட்ச் ஆடியிருப்பார்கள், இவர் நான்கு. மேட்ச் ஆடினால்தான் மேட்ச் ஆட வரும். நெருக்கடியான நேரத்தில் எந்தப் பக்கம் சர்வ் போடுவது என்று யோசிக்காமல் முடிவெடுக்கும் பழக்கம் பயிற்சிக் கோர்ட்டில் வராது. அதனால் துரதிர்ஷ்டமாக ஆரம்பித்தது நிஜமான சரிவாக மாறவும் கூடும். நீங்கள் சொல்லும் வீரருக்கு ஆறு போட்டிகள் என்பதால் இது வெறும் துரதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன். ஆரம்பத்தின் இரண்டு மூன்று தோல்விகள் அப்படி இருந்திருக்கலாம்.

தரவரிசை முறையும் சேர்ந்துகொள்கிறது. புள்ளிகள் 52 வாரம்தான் நிற்கும். போன வருடம் இதே வாரத்தில் வாங்கியது இந்த வருடம் கழிந்துவிடும். கிராண்ட்ஸ்லாம், அதாவது வருடத்தின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றை ஜெயித்தால் 2,000 புள்ளி. அடுத்த வருடம் அங்கே முதல் சுற்றில் தோற்றால் கைக்கு வருவது 10 புள்ளி. எம்மா ராடுகானு 2021-ல் தகுதிச் சுற்றிலிருந்து வந்து அமெரிக்க ஓபனை ஜெயித்தார். 2022-ல் அங்கே முதல் சுற்றில் தோற்றதும் 11-வது இடத்திலிருந்து 83-க்குப் போனார். ஒரே இரவில் அவர் ஆட்டம் எழுபது இடம் மோசமாகிவிடவில்லை. ஆனால் இடம் இறங்கினால் அதற்கு நிஜமான விலை உண்டு. கிராண்ட்ஸ்லாமில் 128 பேரில் 32 பேருக்குப் போட்டித் தரநிலை கொடுக்கிறார்கள், அதாவது வலுவானவர்கள் ஆரம்பத்திலேயே ஒருவரோடொருவர் மோதாதபடி அட்டவணையில் பிரித்து வைக்கிறார்கள். முதல் எட்டுக்குள் இருந்தால் காலிறுதி வரை இன்னொரு முதல் எட்டு ஆளைப் பார்க்க வேண்டாம். 17-க்குக் கீழே போனால் மூன்றாம் சுற்றிலேயே பெரிய தலை ஒன்று வந்து நிற்கும். 32-க்கும் வெளியே என்றால் முதல் நாளே யார் வேண்டுமானாலும் எதிரில் வரலாம். தோற்கத் தோற்க எதிராளி கடினமாகிக்கொண்டே போவார் என்று அர்த்தம்.

அப்புறம் உடம்பு. "காயம் என்று செய்தி இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். செய்தி இல்லை என்பதற்கும் காயம் இல்லை என்பதற்கும் தூரம் அதிகம். ஒருவருடைய இடது கணுக்கால் சரியில்லை என்று தெரிந்தால், மறுநாள் எதிராளி எல்லாப் பந்தையும் அந்தப் பக்கமே போடுவார். யார் வெளியே சொல்வார்கள்? நோவக் ஜோகோவிச் 2016 ஜூனில் பிரெஞ்சு ஓபனை ஜெயித்தபோது நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களும் ஒரே நேரத்தில் அவர் கையில் இருந்தன. அடுத்த மாதம் விம்பிள்டன் மூன்றாம் சுற்றில் சாம் குவெரியிடம் தோற்றார். 2017 ஆஸ்திரேலிய ஓபன் இரண்டாம் சுற்றில், தரவரிசையில் 117-ல் இருந்த டெனிஸ் இஸ்டோமினிடம் தோற்றார். மன அழுத்தம், குடும்பம், உற்சாகக் குறைவு என்று ஆயிரம் பேசினார்கள். அந்த வருட விம்பிள்டனில் முழங்கை வலியால் பாதியில் விலகி, மீதி சீசனை விட்டுவிட்டு, 2018 ஆரம்பத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதற்காக எல்லாமே முழங்கைதான் என்றும் நான் சொல்ல மாட்டேன், உற்சாகக் குறைவைப் பற்றி அவரே பேசியிருக்கிறார். வெளியிலிருந்து "மனசு" என்று படித்த நாட்களில் கையிலும் வலி இருந்தது என்பது மட்டும் நிச்சயம். ஃபெடரருக்கு 2013-ல் முதுகு. விம்பிள்டன் இரண்டாம் சுற்றில் 116-வது இடத்திலிருந்த செர்ஜி ஸ்டாகோவ்ஸ்கியிடம் தோற்றார், தொடர்ந்து 36 கிராண்ட்ஸ்லாம்களில் காலிறுதிக்குப் போன வரிசை அங்கே அறுந்தது. அப்போதே அவர் ஆட்டம் முடிந்தது என்று எழுதியவர்கள் உண்டு.

லேசான வலி முழு வலியைவிட மோசம் என்பது என் அனுபவம். முழு வலி என்றால் ஓய்வெடுப்பார்கள். லேசான வலியில் ஆடிக்கொண்டே இருப்பார்கள், உடம்பு தெரியாமல் அதைச் சுற்றி வழி கண்டுபிடிக்கும். இடுப்பு வலிக்கிறது என்றால் பந்துக்குக் கடைசி அரை அடி எடுத்து வைக்காமல் கையை நீட்டி அடிப்பார்கள். மூன்று மாதம் கழித்து வலி போய்விடும், கையை நீட்டும் பழக்கம் போகாது.

எதிராளிகள் படித்துவிடுவது ஒரு காரணமா என்றால், ஆமாம், ஆனால் அதைக் கொஞ்சம் அளவுக்கு மீறித்தான் பேசுகிறோம். பெரிய போட்டிகளில் ஒவ்வொரு பந்தும் கேமராவில் பதிவாகி, எங்கே விழுந்தது, எவ்வளவு சுழன்றது என்று தரவாகக் கிடைக்கிறது. முதல் பத்துக்குள் வந்தவருக்கு எதிராக எல்லோருமே வீட்டுப் பாடம் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். முன்னாள் முதலிட வீரர் டேனில் மெத்வதேவ் 2025-ல் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் சேர்த்து ஒரே ஒரு ஆட்டம்தான் ஜெயித்தார், மூன்றில் முதல் சுற்றிலேயே போய்விட்டார். அவர் சர்வை எதிர்கொள்ள மிகவும் பின்னால் போய் நிற்பவர். அந்தக் காலியிடத்தைக் குட்டையான பந்துகளாலும் வலையருகே வருவதாலும் பயன்படுத்த எதிராளிகள் கற்றுக்கொண்டார்கள் என்று ஒரு தரப்பு சொல்கிறது. பந்துகள் முன்பைவிட மெதுவாகிவிட்டன என்று அவரே புலம்பியிருக்கிறார். இரண்டிலும் உண்மை இருக்கலாம். எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல எந்தத் தராசும் இல்லை.

இப்போது மனசு. இங்கேதான் நான் ரொம்ப ஜாக்கிரதையாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் எல்லோரும் ரொம்ப உறுதியாகப் பேசும் இடமும் இதுதான். நன்றாகத் தெரிந்தது ஒன்று உண்டு. கைக்குப் பழகிப்போன ஒரு வேலையை, அதைச் செய்யும்போதே உன்னிப்பாகக் கவனிக்க ஆரம்பித்தால் அது கெடும். கோல்ஃப் ஆடுபவர்களையும் கால்பந்து ஆடுபவர்களையும் வைத்துச் செய்த சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. வேகமாகப் படி இறங்கும்போது எந்தக் காலை எங்கே வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள், தடுமாறும். நெருக்கடியில் ஒரு சர்வ், ஒரு கேம் கெடுவதை இது நன்றாகவே விளக்குகிறது. ஆறு மாதத் தோல்வியையும் விளக்குமா? விளக்கலாம் என்று நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது. "தன்னம்பிக்கை போய்விட்டது" என்பதிலும் எனக்கு இதே சிக்கல்தான். தன்னம்பிக்கை போனதால் தோற்றாரா, தோற்றதால் தன்னம்பிக்கை போனதா? உள்ளே இருக்கும் வீரருக்கே பிரித்துச் சொல்ல முடியாது. கேட்டுப் பார்த்திருக்கிறேன், காலையில் ஒரு பதிலும் மாலையில் ஒரு பதிலும் வரும்.

ரஃபேல் நடால் இதை வெளிப்படையாகப் பேசிய அபூர்வ மனிதர். 2015-ல் மயாமியில் தோற்றபிறகு, பிரச்சினை அடிக்கும் விதத்தில் இல்லை, ஆட்டத்தின் நடுவே தனக்கு வரும் பதற்றத்தில் இருக்கிறது என்று சொன்னார். அந்த வருட அமெரிக்க ஓபனில் ஃபேபியோ ஃபோக்னினியிடம் முதல் இரண்டு செட்டை ஜெயித்துவிட்டுத் தோற்றார். கிராண்ட்ஸ்லாமில் முதல் இரண்டு செட்டை எடுத்தபின் அதுவரை ஆடிய 151 ஆட்டங்களில் அவர் ஒன்றுகூடத் தோற்றதில்லை. கில்லர்மோ கோரியாவின் கதை இன்னும் வலிக்கும். 2004 பிரெஞ்சு ஓபன் இறுதியில் காஸ்டன் காடியோவுக்கு எதிராக முதல் இரண்டு செட்டை 6-0, 6-3 என்று எடுத்தார். தசைப்பிடிப்பு வந்தது. ஐந்தாவது செட்டில் இரண்டு மேட்ச் பாயிண்ட் (இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் ஆட்டமே கைக்கு வரும் கட்டம்) கிடைத்தும் 8-6 என்று தோற்றார். அதே வருடம் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை. அடுத்த ஒன்றிரண்டு வருடங்களில் டபுள் ஃபால்ட் அவரைத் தின்றது, ஒரு காலத்தில் உலகின் மூன்றாம் இடத்தில் இருந்தவர் 27 வயதிலேயே ஓய்வு பெற்றார். அந்த மேட்ச் பாயிண்ட்களா, தோள்பட்டையா? கதையாகச் சொல்லும்போது மேட்ச் பாயிண்ட்தான் அழகாக இருக்கும். நான் தோள்பட்டையை ஒதுக்கிவிட மாட்டேன்.

மனசு என்றாலே பயம் என்று நினைத்துக்கொள்கிறோம். சலிப்பும் அதில் சேர்த்திதான். மேட்ஸ் விலாண்டர் 1988-ல் நான்கில் மூன்று கிராண்ட்ஸ்லாம் ஜெயித்து முதலிடத்துக்கு வந்தார். சில மாதங்கள் கழித்து, 1989 ஆஸ்திரேலிய ஓபனில் நடப்புச் சாம்பியனாக இறங்கி, இரண்டாம் சுற்றில் ரமேஷ் கிருஷ்ணனிடம் நேர் செட்களில் தோற்றார். மெதுவான, கூர்மையான பந்துகளால் ரமேஷ் அன்று அவரைக் கட்டிப்போட்டார் என்பதும் உண்மை. ஆனால் விலாண்டர் அதற்குப் பிறகு ஒற்றையரில் ஒரு கிராண்ட்ஸ்லாம் கூட ஜெயிக்கவில்லை. உச்சிக்குப் போனபின் அந்த வேகம் தன்னிடம் இல்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பசி போன ஒருவர் பயிற்சியில் கச்சிதமாக ஆடுவார், வீடியோவில் குறை சொல்லவே முடியாது. 4-4, 30-30-ல் ஓடிப் பிடிக்க வேண்டிய அந்த ஒரு பந்துக்கு மட்டும் ஓட மாட்டார்.

நான் அதிகம் பயப்படுவது சரிவைவிட அதற்குச் செய்யும் வைத்தியத்துக்கு. மேட்சுக்கு மூன்று பாயிண்ட் போய்க்கொண்டிருக்கிறது, தானாகவே திரும்பி வந்துவிடவும் வாய்ப்பு இருக்கிறது. அந்த நேரத்தில் ராக்கெட்டை மாற்றுவார்கள், அதன் நரம்புகளின் இழுவிசையை மாற்றுவார்கள், ஃபோர்ஹேண்ட் பிடியை மாற்றுவார்கள், பயிற்சியாளரைத் தூக்குவார்கள். பத்து வருடம் கைக்குப் பழகிய ஒன்றைப் போட்டிகளுக்கு நடுவே மாற்றினால் இன்னும் இரண்டு பாயிண்ட் போகும். ஃபெடரர் 2013 விம்பிள்டன் தோல்விக்குப் பிறகு, அதே கோடையில் பெரிய தலை கொண்ட ராக்கெட்டோடு இரண்டு களிமண் போட்டிகளில் இறங்கினார். இரண்டிலும் தன்னைவிட வெகு கீழே இருந்தவர்களிடம் தோற்று, பழைய 90 சதுர அங்குல ராக்கெட்டுக்கே திரும்பினார். பிறகு சீசன் முடிந்த இடைவெளியில் நிதானமாக 97 சதுர அங்குலத்துக்கு மாறினார். 2014-ல் முதுகும் சரியாகி விம்பிள்டன் இறுதிக்குப் போனார். மாற்றம் சரியானதுதான், முதலில் செய்த நேரம்தான் சரியில்லை.

வைத்தியம் பலித்ததாகத் தோன்றும் கதைகளிலும் ஒரு பொறி இருக்கிறது. பயிற்சியாளரை மாற்றுவது பெரும்பாலும் மிக மோசமான கட்டத்தில்தான். அந்தக் கட்டத்திலிருந்து எதுவும் செய்யாமல் விட்டாலும் பலர் கொஞ்சம் மேலே வருவார்கள். பெயர் புதிய ஆளுக்குப் போகும். மெத்வதேவ் 2025 அமெரிக்க ஓபனுக்குப் பிறகு, 2017 முதல் கூடவே இருந்த பயிற்சியாளர் ஜில் செர்வாராவைப் பிரிந்து, அக்டோபரில் அல்மாட்டியில் கோப்பை எடுத்தார். மாற்றம் உதவியிருக்கலாம், ஒரு கோப்பையை வைத்து நான் தீர்ப்பு எழுத மாட்டேன். ஜோகோவிச் இதற்கு நேரெதிர்: 2017-ல் மொத்தக் குழுவையும் கலைத்தார், 2018-ல் தரவரிசை 22 வரை இறங்கியது, பழைய பயிற்சியாளர் மரியன் வைடாவையே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். அந்த வருட விம்பிள்டனும் அமெரிக்க ஓபனும் அவருக்கு. தெளிவாகப் பலித்தது என்று நான் நம்பும் வைத்தியம் அரினா சபலென்காவினுடையது. 2022-ல் அவர் 400-க்கும் மேல் டபுள் ஃபால்ட் போட்டார். மனப் பிரச்சினை என்றுதான் பலரும் பேசினார்கள். அவர் உடலியக்க நிபுணர் ஒருவரை வைத்துச் சர்வின் அமைப்பையே திருத்தினார், 2023 ஆரம்பத்தில் ஆஸ்திரேலிய ஓபன் சாம்பியன். கோளாறு எது என்று குறிப்பாகத் தெரிந்து, அதை மட்டும் தொட்டார். மனசு பிறகு தானாகச் சரியானது போலத்தான் எனக்குத் தெரிகிறது.

வெளியே வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள்? ஒரே மாதிரி இல்லை. ஆண்ட்ரே அகாஸி 1997-ல் 141-வது இடத்துக்குப் போனபோது, தன் தகுதிக்குக் கீழே என்று பாராமல் சேலஞ்சர் போட்டிகளில் போய் ஆடினார். 1999-ல் பிரெஞ்சு ஓபனும் முதலிடமும் வந்தன. வின்ஸ் ஸ்பேடியா 1999 ஆஸ்திரேலிய ஓபனில் அதே அகாஸியைத் தோற்கடித்துக் காலிறுதிக்குப் போனவர், முதல் இருபதுக்குள் இருந்தவர். அந்த வருடக் கடைசியில் ஆரம்பித்துத் தொடர்ந்து 21 ஆட்டம் தோற்றார். 2000 விம்பிள்டன் முதல் சுற்றில், கிரெக் ருசெட்ஸ்கிக்கு எதிராக ஐந்தாவது செட்டை 9-7 என்று எடுத்து அந்த வரிசையை முடித்தார். அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. மீண்டும் முதல் இருபதுக்குள் வர அவருக்குச் சில வருடங்கள் பிடித்தன. இகா ஸ்வியாடெக் 2024 ஜூனுக்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் கோப்பை எடுக்கவில்லை, எல்லோரும் சரிவு என்றார்கள். ஆனால் அந்தக் காலத்தில் அவர் இரண்டு கிராண்ட்ஸ்லாம் அரையிறுதி ஆடியிருந்தார். 2025 விம்பிள்டன் இறுதியை 6-0, 6-0 என்று முடித்தார். அவருக்குச் சரிவு என்றது இன்னொருவருக்கு வாழ்நாள் சாதனை.

உங்கள் வீரருக்கு என்ன ஆகும் என்று ஸ்கோரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அவருடைய அடுத்த ஆட்டத்தை நீங்களே பாருங்கள், ஸ்கோரைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு. சாதாரண ராலியில், இருவரும் மாறி மாறி அடிக்கும்போது, அவர் பந்து எங்கே விழுகிறது என்று இரண்டு செட் கவனியுங்கள். பேஸ்லைனுக்கு அருகே விழுந்து கொஞ்சம் வெளியேயும் போகிறது என்றால், தோற்றாலும் நான் கவலைப்பட மாட்டேன். நடுக்கோர்ட்டில் பத்திரமாக விழுந்துகொண்டிருந்தால் ஜெயித்தாலும் கவலைப்படுவேன். நெருக்கடியில் இரண்டாவது சர்வின் வேகத்தை, நெருக்கடி இல்லாத 40-0-ல் அவர் போடும் இரண்டாவது சர்வின் வேகத்தோடு ஒப்பிடுங்கள், திரையில் எண் வரும். அகலமாகப் போகும் பந்துக்குக் கடைசி அடியை எடுத்து வைக்கிறாரா, கையை நீட்டுகிறாரா என்று பாருங்கள். கையை நீட்டினால் செய்தியில் வராத வலி ஏதோ இருக்கலாம். அப்புறம் அவர் அடுத்து எங்கே பெயர் கொடுக்கிறார் என்பது. பெரிய போட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால், அவற்றில் பலவற்றில் தரநிலையில் உள்ளவர் என்று முதல் சுற்றில் விலக்கு கிடைக்கும், அதே மைதானத்தில் ஏற்கெனவே ஒரு மேட்ச் ஜெயித்து வந்தவரோடு நேராக மோத வேண்டியிருக்கும், மறுபடி ஒரே ஆட்டத்தோடு வாரம் முடியும். யாரும் கவனிக்காத ஒரு சின்னப் போட்டியில் அவர் பெயரைப் பார்த்தீர்களென்றால், அவரைச் சுற்றி யாரோ சரியாக யோசிக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன். அங்கே கோப்பைகூட வேண்டாம், ஒரே வாரத்தில் மூன்று மேட்ச் கிடைத்தால் போதும்.